தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் எடை

கூடை தரையைவிட்டு எழும்பியதும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அந்தரத்தில் தொங்குவது அதற்குப் புதிது. உத்தரத்தையும் அதில் கட்டியிருந்த தராசையும் மாறி மாறிப் பார்த்தது. சுற்றி நின்ற பெண்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னும் ஒரு கல்லு வைங்க” என்றாள் தீர்த்தம்மாள். குழந்தை அவளுடையது. ஆனால் அந்த நேரத்தில் அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்னாகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் ரோசம்மாள், மரப்பெட்டியிலிருந்து ஒரு சிறிய இரும்புக்கல்லை எடுத்து எதிர்த்தட்டில் வைத்தாள். முள் ஆடியது, தயங்கியது, நேராக நின்றது.

“பதினொரு ராத்தல்.”

“அது எவ்ளோங்க?”

“இந்தக் கல்லு ஒண்ணு ஒரு ராத்தல். இது மாதிரி பதினொண்ணு.”

“அது தெரியுதுங்க. புள்ளைக்கு அது அதிகமா, கம்மியா?”

ரோசம்மாள் குழந்தையைக் கூடையிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதன் மேற்கையை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

“எட்டு மாசம்னு சொன்னே இல்லம்மா? கம்மிதான். ரொம்பக் கம்மி.” பிறகு குரலைத் தணித்தாள். “அடுத்த அமாவாசைக்கு மறுபடி நிறுத்துப் பாக்கலாம். அரை ராத்தலாவது ஏறியிருந்தா கஞ்சியிலயே தேத்திடலாம். ஏறலைன்னா சேலம் பெரியாஸ்பத்திரிதான். அப்புறம் தள்ளிப் போடக் கூடாது.”

தீர்த்தம்மாள் தலையசைத்தாள். பக்கத்தில் நின்ற நஞ்சம்மாள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்த கற்களைக் கைகாட்டிக் கேட்டாள்: “ஏம்மா நர்சம்மா, இந்தக் கல்லெல்லாம் இனிமே யாருக்கு?”

“யாருக்கா? பெட்டிக்குத்தான்” என்று சிரித்துக்கொண்டே ரோசம்மாள் கற்களைப் பெட்டியில் அடுக்கி மூடினாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் கூட்டம் நடந்த அந்தக் கொட்டகை போன வருஷம்வரை கள்ளுக்கடையாக இருந்தது. ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கடையை மூடியபோது புளியனள்ளி ஆண்கள் கொஞ்சநாள் அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. கொட்டகை பெரியம்மாள் என்பவளுடையது. மாதர் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று ரோசம்மாள் கேட்டபோது, “கள்ளு ஊத்தின எடத்துல கஞ்சி ஊத்திக்கங்க, எனக்கென்ன” என்று சொல்லி இடம் கொடுத்தாள். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. சாவி அவள் இடுப்பில் இருந்ததால் கூட்டத்துக்கு அவளே தலைவி ஆகிவிட்டாள்.

அமாவாசையன்று யாரும் ஏர் பூட்டுவதில்லை. அதனால் கூட்டம் அமாவாசைக்கு அமாவாசை நடந்தது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி கேழ்வரகைத் தனியாக எடுத்து வைத்து, கூட்டத்தன்று கொண்டுவந்து பொதுப்பானையில் கொட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மாதம் எந்த வீட்டில் பிரசவமோ அந்த வீட்டுக்குப் பானை போகும். தொப்புள்கொடியை அறுக்கும் கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவது, பழைய சேலையில் குழந்தைக்குச் சட்டை தைப்பது, கண்ணில் பீளை கட்டினால் எதைத் தொடக் கூடாது, எல்லாம் ரோசம்மாள் சொல்லிக்கொடுப்பாள். பெண்கள் கேட்பார்கள். சிலர் தூங்குவார்கள். பழைய கள்ளின் புளித்த வாடை மழைநாளில் மண்தரையிலிருந்து எழும்பும். அப்போது பெரியம்மாள் மட்டும் மூக்கை நிமிர்த்தி ஒரு பெருமூச்சு விடுவாள்.

தீர்த்தம்மாள் முதல் கூட்டத்துக்கு வந்தது கஞ்சிக்காகவும் இல்லை, சட்டை தைக்கவும் இல்லை. கள்ளுக்கடை உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தாள்.

கல்யாணமான புதிதில் அவள் புருஷன் மாதப்பனிடம் அதைக் கேட்டிருக்கிறாள். “நாலு செவுரு” என்றான் அவன். நேரில் வந்து பார்த்தால் மூன்றுதான். நாலாவது பக்கம் ஓலைத்தட்டி. “இத்தன வருசம் போயிட்டு வந்தியே, செவுரக்கூடப் பாக்கலியா?” என்று அவனிடம் கேட்டாள். “செவுரு பாக்கவா போனேன்?” என்றான் அவன்.

அவள் சுபாவம் அப்படி. மூடியிருப்பதைத் திறந்து பார்க்க வேண்டும். சின்ன வயதில் கரையான்புற்றை எங்கே முடிகிறது என்று பார்க்கத் தோண்டிக்கொண்டே போய், இடுப்புவரை குழியில் நின்றபோது அவள் அப்பன் வந்து தூக்கினான். நாலு பிரம்படி விழுந்தது. புற்று எங்கே முடிகிறது என்பது தெரியாமலே போனது. அடியைவிட அதுதான் அவளுக்கு அதிகநாள் வலித்தது. கூட்டத்தில் ரோசம்மாள் வயிற்றில் குழந்தை தலைகீழாக இருக்கும் என்று சொன்னபோது எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்ள, தீர்த்தம்மாள் கேட்டாள்: “அவ்ளோ நாளு தலகீழா இருந்தா அதுக்குத் தல சுத்தாதுங்களா?”

ரோசம்மாள் யோசித்துப் பார்த்து, “எனக்கும் தெரியல” என்றாள். அந்தப் பதில் தீர்த்தம்மாளுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் தவறவில்லை.

இந்தக் குழந்தைக்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிறந்தன. இரண்டும் ஒரு வயதைத் தொடவில்லை. காய்ச்சல் இல்லை, அம்மை இல்லை. உருகிப்போனது என்றார்கள். எப்போது உருகத் தொடங்கியது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. தினம் பார்க்கிற முகம். ஒருநாள் பார்க்கும்போது கண் உள்ளே போயிருந்தது, அவ்வளவுதான். எந்த நாள் என்று தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவதாக இந்தப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே அதைக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டு நஞ்சம்மாளிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். அப்படி விற்றுவிட்டால், தீர்த்தம்மாளின் பிள்ளைகளைத் தேடி வருவது எதுவோ அது வழி தெரியாமல் திரும்பிவிடும். நஞ்சம்மாள் தவிட்டை அளந்து கொட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “என் புள்ளயக் கொஞ்சநாள் நீ வளத்துக் குடு” என்று திருப்பிக் கொடுத்தாள். தவிட்டம்மாள் என்று பெயர் வைத்தார்கள். நஞ்சம்மாள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். குழந்தையை அவர்கள் மொழியில் ‘கூசு’ என்றே அவள் கூப்பிடுவாள். ஊர் வழக்கப்படி அவள்தான் குழந்தைக்குச் சொந்தக்காரி. தீர்த்தம்மாள் பால் கொடுக்கிறவள்.

தராசு வந்து இரண்டு கூட்டம் ஆகியும் ஒருத்தியும் குழந்தையை அதில் போட முன்வரவில்லை. காரணத்தை ரோசம்மாளிடம் யாரும் சொல்லவுமில்லை. புளியனள்ளியில் பிள்ளைகள் தராசில் ஏறுவது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். அம்மை கண்டு பிழைத்த பிள்ளையை மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், காவடித்தடியின் ஒரு பக்கம் பிள்ளையையும் மறுபக்கம் வெல்லத்தையோ உப்பையோ தொங்கவிட்டு, எடைக்கு எடை அம்மனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மையே வராத பிள்ளையை எதற்குத் தராசில் தூக்குவது? அது அம்மையைக் கூப்பிடுவது மாதிரி ஆகாதா?

தீர்த்தம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் முள் எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

எடை பார்த்த அன்று இரவு மாதப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவனிடம் நடந்ததைச் சொன்னாள். சேலம் என்றதும் அவன் கை நின்றது.

“சேலம் போனா ஆட்டை யாரு பாக்கிறது?”

“நஞ்சம்மா வூட்ல பாத்துக்குவாங்க.”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “ரெண்டையும் நான்தான் தூக்கிட்டுப் போயிப் பொதச்சேன்” என்றான். “போவணும்னா போலாம். ஆனா சும்மா பயத்துக்கு ஓடக் கூடாது. அந்தத் தராசு சொல்லட்டும். ஏறலைன்னு சொன்னா அன்னிக்கே கிளம்பலாம்.”

அந்த மாதம் முழுக்கத் தீர்த்தம்மாள் ரோசம்மாள் சொன்னபடி செய்தாள். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, திரித்து, வெள்ளைத் துணியில் சலித்துக் கஞ்சி காய்ச்சினாள். பாசிப்பயறை வேகவைத்து மசித்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினாள். குழந்தை சிலநாள் குடித்தது. சிலநாள் பாதியைத் துப்பியது. துப்பியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாமல் அவள் சேலையில் ஒட்டியிருந்ததைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

வீட்டில் தராசு இல்லை. கை இருக்கிறதே என்று நினைத்தாள். ஒரு கையில் குழந்தையையும் மறுகையில் அம்மிக்குழவியையும் தூக்கிப் பார்த்தாள். காலையில் குழந்தை கனத்தது. சாயங்காலம் குழவி கனத்தது. தூங்குகிற குழந்தை கனம், விழித்திருக்கும்போது லேசு. மாதப்பனோடு சண்டை போட்ட அன்று இரண்டுமே லேசாக இருந்தன. கையை நம்ப முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பு இறந்துபோன அந்த இரண்டு பிள்ளைகளையும் இந்தக் கையால்தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நஞ்சம்மாள் இதைப் பார்த்துவிட்டாள்.

“அம்மிக் கொழவியத் தூக்கிட்டு என்னடி ஆட்டம்?”

“அக்கா, நீ ஒருக்காத் தூக்கிப் பாரு. போன மாசத்துக்கு இப்பப் பாரமா இருக்குதா?”

“வாயக் கழுவுடி. புள்ளயப் பாரம்னு சொல்லுவாங்களா?” நஞ்சம்மாள் குழந்தையின் தலையைச் சுற்றித் தூ தூ என்று துப்பினாள். “என் கூசப் பத்தி நீ ஒண்ணும் சொல்லாத. கஞ்சி ஊத்து, போதும்.”

அமாவாசைக்கு இன்னும் சிலநாள் இருந்தது. தீர்த்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மாள் வீட்டுக்குப் போய்க் கொட்டகைச் சாவியைக் கேட்டாள்.

“கூட்டத்துக்கு நாளு கெடக்குதே. இப்ப எதுக்கு?”

“புள்ளய ஒருக்காத் தராசுல வெச்சுப் பாத்துட்டுக் குடுத்துடறேங்க.”

“உனக்கு நிறுக்கத் தெரியுமா?”

“முள்ளு நேரா நிக்கணும். அவ்ளோதானே.”

பெரியம்மாள் சாவியைக் கொடுக்கவில்லை. தானே கூட வந்து திறந்தாள். தராசு உத்தரத்தில் இருந்தது. மரப்பெட்டி மூலையில் இருந்தது. தீர்த்தம்மாள் அதை இழுத்தாள். போனமுறை ரோசம்மாள் இரண்டு கையாலும் நகர்த்திய பெட்டி இப்போது முறம்போல லேசாக வந்தது. திறந்தாள். கற்களைச் சுற்றியிருந்த துணி மட்டும் மடித்தபடி கிடந்தது.

“கல்லுங்க எங்கங்க?”

பெரியம்மாள் பதறவில்லை. அதுதான் தீர்த்தம்மாளுக்கு விநோதமாகப் பட்டது. சாவி இவள் இடுப்பில். கல் காணோம். இவளோ ஓலைத்தட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏண்டி, நஞ்சம்மா உன்கிட்டச் சொல்லலையா?” என்றாள் பெரியம்மாள்.

மாரியம்மன் கோயில் என்றால் நாலு எல்லைக்கல்லும் ஒரு வேப்பமரமும் அதன் அடியில் ஒரு சின்ன மாடமும்தான். பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு இருந்ததால் அந்த மாதம் தீர்த்தம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. தீட்டு கழிந்து மூன்றுநாள் ஆகியும் போகத் தோன்றவில்லை. இப்போது, பெரியம்மாள் அந்தப் பக்கம் கைகாட்டவும், போனாள்.

அம்மனின் காலடியில் எடைக்கற்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடித்து அப்பியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப்பொட்டு. அரை ராத்தல் கல்லுக்குக்கூடச் சின்னதாக ஒரு பொட்டு.

பூசாரி காளியன் சந்தோஷமாக இருந்தான். “வெல்லம் குடுத்தா எறும்பு தின்னுது. உப்புக் குடுத்தா மழையில கரஞ்சிடுது. இது பாரு, ஆயுசுக்கும் நிக்கும்.”

நஞ்சம்மாள் அடுப்படியில் இருந்தாள். தீர்த்தம்மாள் கேட்டதும் ஒளிக்கவில்லை.

“நான்தான் கொண்டுபோனேன். அந்தம்மா வேற வேதம், அவங்களுக்கு என்ன தெரியும்? புள்ளைக்கு எதிரா ஏறின பொருளப் பொட்டியில போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. அம்மனுக்குச் சேர வேண்டியத மூடி வெச்சா யாரு மேல வரும்? கூசு மேலதானே?”

“மத்தவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்றதென்ன, கூட்டத்துல அத்தன பேரும் வந்து கேட்டாங்க, எப்பக் கொண்டு போவறேன்னு. பெரியம்மாக்காதான் சாவி குடுத்தா. எல்லாருக்கும் அன்னிக்குத்தான் தூக்கம் வந்துச்சு.”

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“உன்கிட்ட எதுக்குச் சொல்றது? உன் புள்ளயா?”

தீர்த்தம்மாள் வெளியே வந்தாள். விலை கொடுத்து வாங்கியவள் வேண்டுதலைச் செலுத்தியிருக்கிறாள். இவளைத் திட்டினால் அந்த ஒரு படி தவிட்டைத் திட்டுவது மாதிரி. இரண்டு பிள்ளைகளை இடுகாட்டுக்கு அனுப்பியவளுக்கு அந்தத் தவிடு சின்னப் பொருள் இல்லை. ஆனால் கல் இல்லாமல் பதினொரு ராத்தல் என்பது வெறும் பேச்சு. குழந்தை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? நர்சம்மா வந்தாலும் கையை விரிப்பாள். தராசு சொல்லட்டும் என்றானே மாதப்பன், தராசு ஊமையாகிவிட்டது.

மறுபடி கோயிலுக்குப் போனாள்.

“பூசாரியண்ணா, இந்தக் கல்லுங்கள ஒரு பொழுது எரவல் குடுங்க. அமாவாசைக்கு எடுத்துட்டு அன்னிக்கே கொண்டாந்துடறோம்.”

“அம்மன்கிட்டயா எரவல் கேக்கிற? நல்லா இருக்குதே” என்றான் காளியன். “அதோ இருக்குது பாரு எல்லைக்கல்லு. அம்மனுக்குன்னு வந்த பொருளு அதத் தாண்டி வெளிய போவக் கூடாது.”

தீர்த்தம்மாள் எல்லைக்கல்லைப் பார்த்தாள். பிறகு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். தாழ்ந்த கிளை ஒன்று ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

“வெளிய போவத்தானே கூடாது? வெளிய இருக்கிறது உள்ள வரலாமில்ல?”

“என்னது வரணும்?”

“தராசு.”

காளியன் யோசித்தான். “தராசு வரலாம்.”

“புள்ள?”

“புள்ளங்க எப்பவும் வரலாம்.”

“அப்ப இங்கயே நிறுக்கிறோம்.”

“இரு இரு” என்றான் காளியன். “நிறுத்தா எதிர்த்தட்டுல வெச்சத அம்மனுக்குக் குடுக்கணுமே. எதக் குடுப்பீங்க?”

“அது அம்மனோடதுதானே? நிறுத்துட்டு மறுபடி அம்மன் காலடியிலயே வெச்சுடறோம். குடுத்த மாதிரியும் ஆச்சு, இருந்த எடத்துலயே இருந்த மாதிரியும் ஆச்சு.”

காளியன் தலையைச் சொறிந்துகொண்டான். இதில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

“அப்ப அம்மனுக்குப் புதுசா ஒண்ணும் வராது?”

“பழசும் போவாதில்லைங்களா?”

“ஒரு தேங்காயாவது ஒடைங்கடி” என்றான் காளியன்.

அமாவாசையன்று ரோசம்மாள் வண்டியைவிட்டு இறங்கியதும் பெரியம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள். ரோசம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அது ஆஸ்பத்திரிக் கல்லு. நான் போயி என்னன்னு பதில் சொல்லட்டும்?”

“தராசு பத்திரமா இருக்குதுன்னு சொல்லுங்க” என்றாள் பெரியம்மாள்.

ரோசம்மாளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, “நடங்க” என்றாள். தராசைப் பெரியம்மாள் தலையில் வைத்துக்கொண்டாள். பின்னால் கூட்டம் முழுக்க நடந்தது. வழியில் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று ஒதுங்கி நின்றார்கள்.

எல்லைக்கல் அருகில் காளியன் கையை நீட்டி ரோசம்மாளைத் தடுத்தான். “நீங்க எங்க சாமியக் கும்புடறவங்க இல்லையே. கும்புடாதவங்க எப்படி உள்ள வர்றது?”

“உங்க கோயிலுக்குள்ள அந்தக் கோழி மேயுதே, அது கும்புட்டுட்டா மேயுது?” என்றாள் ரோசம்மாள். “நான் எடை போட வந்தேன். முள்ளப் பாத்துட்டுப் போயிடுவேன்.”

பெண்கள் சிரித்தார்கள். காளியனும் சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். தோல்பையை மட்டும் வெளியே வைக்கச் சொன்னான். அவள் செருப்பையும் சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

கிளையில் தராசைக் கட்டினார்கள். ஒரு பக்கம் கூடை. நஞ்சம்மாள் குழந்தையை அதில் வைத்தாள். போனமுறைபோல அது அழவில்லை. வேப்பிலையைப் பிடிக்கக் கையை நீட்டியது. ரோசம்மாள் முதல் கல்லைத் தூக்கியவள் முகத்தைச் சுளித்தாள். விரல் மஞ்சளில் புதைந்தது.

“இது மேல ஒரு அங்குலம் அப்பியிருக்குதே. இப்படி நிறுத்தா கணக்கு வராது. கழுவுங்க.”

“ஐயையோ” என்றார்கள் இரண்டுமூன்று பேர் ஒரே சமயத்தில். “வெள்ளிக்கிழம அபிசேகத்துலதான் கழுவணும்” என்றான் காளியன். ரோசம்மாள் அவனையும் கல்லையும் பார்த்துவிட்டு, அப்படியே தட்டில் வைத்தாள். ஒவ்வொன்றாக வைத்தாள். பதினொரு ராத்தலும் ஏறியது.

கூடை மேலே போகவில்லை. தாழ்ந்தே நின்றது.

தீர்த்தம்மாள் முள்ளை ஒட்டி வந்து நின்றாள். ரோசம்மாள் அரை ராத்தல் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள். முள் ஆடியது. நடுவுக்கு வந்தது. நடுவைக் கொஞ்சம் தாண்டிக் கல் பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு மயிரிழை.

“அரை இல்ல” என்றாள் ரோசம்மாள். “கொஞ்சம் கொறச்சல்.”

நஞ்சம்மாளின் கை கூடையின் விளிம்பைப் பிடித்தது. “அப்பச் சேலமா?” என்று கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

“மஞ்ச?” என்றாள் தீர்த்தம்மாள்.

“என்ன?”

“கல்லு மேல இருக்கிற மஞ்சளும் சேந்துதானே இப்பத் தட்டுல நிக்குது? போன மாசம் மஞ்ச இல்லியே. அதக் கழிச்சா?”

ரோசம்மாள் தன் விரல்நுனியில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். கட்டைவிரலால் விரலைத் தேய்த்தாள்.

“மஞ்சளக் கழிச்சா அரை வரும்னுதான் நெனைக்கிறேன்” என்றாள். “சத்தியம் பண்ண மாட்டேன்.”

“சத்தியம் வேண்டாங்க. மேல போவுதா, கீழ போவுதா? அத மட்டும் சொல்லுங்க.”

“மேலதான் போவுது.”

“சேலம்?”

“இப்ப வேண்டாம். இதே கஞ்சி. அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம்.”

தீர்த்தம்மாள் முள்ளைவிட்டுக் கண்ணை எடுத்தாள். அப்போதுதான் குழந்தையைப் பார்த்தாள். அது ஒரு வேப்பிலையை வாயில் வைத்துக் கசந்து முகத்தைக் கோணிக்கொண்டிருந்தது.

நஞ்சம்மாள் குழந்தையைக் கூடையிலிருந்து தூக்கினாள். தூக்கும்போது அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. தீர்த்தம்மாளைப் பார்த்தாள். தூ தூ என்று மட்டும் துப்பினாள்.

கற்களை எடுக்கக் காளியன் குனிந்தான். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒருத்தி தன் பையனைக் கொண்டுவந்து கூடையில் உட்காரவைத்துவிட்டாள். “அம்மன் கல்லுதானே, தனியா ஒண்ணும் குடுக்கத் தேவையில்லியே?” என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். அதற்குப் பின்னால் வரிசையே நின்றது. ரோசம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். காளியன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தேங்காய் என்று சொல்லிப் பார்த்தான். எல்லாருக்கும் சேர்த்து ஒன்று என்று பெரியம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் மாதப்பன் விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். தீர்த்தம்மாள் கேழ்வரகை ஊறப்போட்டாள். பெரியம்மாள் தராசைக் கோயிலிலிருந்து எடுத்துவந்து கொட்டகையில் வைத்துப் பூட்டினாள். நஞ்சம்மாள் வந்து கொஞ்சநேரம் குழந்தையை வைத்திருந்துவிட்டு, களை எடுக்கப் போக வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தை கஞ்சியில் பாதியைக் குடித்தது. மத்தியானம் லேசாக மழை பெய்தது. தீர்த்தம்மாள் காயப்போட்டிருந்த முளைகட்டிய கேழ்வரகை உள்ளே எடுத்து வைத்தாள்.